எட்டில் ஒன்று: கண்ணின் வெள்ளையைப் படித்தவர்களின் கதை

இன்னிக்கு ஒரு பழமொழியில இருந்து ஆரம்பிக்கலாம். "காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று சொல்வாங்க இல்லையா? நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். எதைப் பார்த்தாலும் அதில் பக் தேடுறது தொழில் வியாதி. இந்தப் பழமொழியிலும் ஒரு பக் இருக்கு. காமாலை வந்தவருக்கு உலகம் மஞ்சளா தெரியறதில்லை. அவரோட கண்ணைப் பார்க்கிற நமக்குத்தான் அவர் மஞ்சளா தெரியறார். அதாவது அந்தக் கண் பார்க்கிறதை விட, நாம் அந்தக் கண்ணில் எதைப் பார்க்கிறோம் என்பதுதான் விஷயம். இந்த எபிசோடு முழுக்க அதைப் பத்தித்தான்.

போன வருஷம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை முகாம்னு நோட்டீஸ் வந்தது. அம்மாவைக் கூட்டிக்கிட்டு விழுப்புரத்தில் இருந்து பைக்கில் போனேன். ரத்தம் எடுக்கல, பிரஷர் பார்க்கல. ஒரு தம்பி கண் இமையை விரலால் விலக்கி, சின்ன கேமராவால் விழியின் வெள்ளைப் பகுதியை நாலு பக்கமும் படம் எடுத்தார். லேப்டாப்பில் ஒரு வட்டப் படம் வந்தது. கடிகாரம் மாதிரி கட்டம் கட்டமா பிரிச்சிருந்தாங்க. இந்த இடம் கல்லீரல், இந்த இடம் சிறுநீரகம், இது கர்ப்பப்பை. அம்மாவோட கண்ணில் ஒரு சிவப்புக் கோடு கல்லீரல் கட்டத்துக்குள்ள போகுதாம். "ஈரல் பலவீனம்"னு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாங்க. கூடவே மூணு மாசத்துக்கான பொடி, அதுக்கு மட்டும் காசு.

இந்த வரைபடம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டேன். "நம்ம சித்தர்கள் பாரம்பரியம் சார், எண்வகைத் தேர்வுல விழி வருது"ன்னார். அந்தப் பதில் எனக்குள்ள ஒரு பழைய விஷயத்தைக் கிளறிவிட்டுச்சு. அதைக் கொஞ்சம் கழிச்சு சொல்றேன். முதல்ல அவர் சொன்னது சரியான்னு பார்ப்போம்.

பாதி சரி. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று நிச்சயமா இருக்கு. நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், விழி, மலம், சிறுநீர் என எட்டு. வைத்தியர் இந்த எட்டையும் பார்த்து வாதம், பித்தம், கபம் மூன்றில் எது கூடியிருக்கு, எது குறைஞ்சிருக்குன்னு முடிவு செய்வார். விழியில் நிறம் பார்ப்பாங்க, வறட்சி பார்ப்பாங்க, நீர் வடியுதா, எரிச்சல் இருக்கா, பளபளப்பு இருக்கா எல்லாம் பார்ப்பாங்க. மஞ்சளோ சிவப்போ ஏறினால் பித்தம், வெளுத்தால் கபம், கறுத்து மங்கினால் வாதம் என்பது பொதுவான கணக்கு. சிறுநீருக்கு நீர்க்குறி, நெய்க்குறி என்று தனிக் கலையே உண்டு. காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது பாம்பு மாதிரி நீளுதா, மோதிரம் மாதிரி விரியுதா, முத்து மாதிரி நிற்குதான்னு பார்க்கிறது. தேரையர் பேரில் வழங்கும் நூல்களில் இது விரிவா வருது.

ஆனா முகாமில் பார்த்த அந்தக் கடிகாரக் கட்டம் இதில் எங்கும் இல்லை. விழியில் முழு உடம்பின் குணம் தெரியும்னு சித்த மருத்துவம் சொல்லுது. விழியின் மூணு மணி இடத்தில் ஒரு உறுப்பு, எட்டு மணி இடத்தில் இன்னொரு உறுப்புன்னு அது பட்டா போட்டுக் கொடுக்கல.

அந்தப் பட்டா வந்த ஊர் வேற. 19-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் இக்னாஸ் ஃபான் பெக்செலி என்று ஒரு மருத்துவர். சின்ன வயசில் ஒரு ஆந்தையின் கால் உடைஞ்சதாகவும், அதே நேரத்தில் அதன் கண்ணின் கருவளையத்தில் ஒரு கோடு வந்ததாகவும் அவரைப் பத்தி ஒரு கதை உண்டு. அந்தக் கதையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனா அவர் கருவளையத்தை உறுப்புகளுக்குப் பங்கு போட்டு வரைபடம் வெளியிட்டது உண்மை. அந்த முறைக்கு இரிடாலஜின்னு பேர். அது ஜெர்மனி போய், அமெரிக்கா போய் வளர்ந்தது. பிறகு 20-ஆம் நூற்றாண்டில், கருவளையத்தை விட்டுட்டு வெள்ளைப் பகுதியைப் படிக்கிற ஸ்க்ளிராலஜி அமெரிக்காவில் பரவுச்சு. அங்கே இதைச் சொல்லிக்கொடுக்கிறவங்க அமெரிக்கப் பழங்குடிகள்கிட்ட இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. இங்கே திண்டிவனத்தில் சித்தர்கள்கிட்ட இருந்து வந்ததுன்னு சொல்றாங்க. ஊருக்கு ஊர் பாட்டன் மட்டும் மாறுறார்.

சரி, பாட்டன் யாரா இருந்தா என்ன, வேலை செஞ்சா போதாதா? நியாயமான கேள்வி. கருவளைய வரைபடத்தைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 1979-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 143 பேரோட கண் படங்கள். அவங்கள்ல சிலருக்குச் சிறுநீரக நோய், மத்தவங்களுக்கு இல்லை. மூணு இரிடாலஜிஸ்டுகளால் யாருக்கு நோய்னு பிரிச்சுச் சொல்ல முடியல. 1988-ல் நெதர்லாந்தில் பால் நிப்ஷில்ட் இதே மாதிரி செஞ்சார். பித்தப்பைக் கல் இருந்த 39 பேர், இல்லாத 39 பேர், ஐந்து இரிடாலஜிஸ்டுகள். முடிவு, காசு சுண்டிப் போட்டுச் சொன்னதுக்குச் சமம். அதை விட முக்கியமா, அந்த ஐந்து பேருக்குள்ளேயே ஒத்துப்போகல. ஒரே இன்புட், ஐந்து அவுட்புட். எங்க ஆபீஸ்ல அப்படி ஒரு புரோகிராம் எழுதினா அன்னிக்கே தூக்கி எறிவாங்க.

வெள்ளைப் பகுதியில் தெரியற சிவப்புக் கோடுகள் என்னன்னு பார்ப்போம். வெள்ளைக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அதில் ஓடுற ரத்தக் குழாய்கள்தான் அந்தக் கோடுகள். ராத்திரி தூக்கம் கெட்டா சிவக்கும். புகை பட்டா சிவக்கும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் பைக்கில் வந்தா கண்டிப்பா சிவக்கும். என் பின்னால் உட்கார்ந்து வந்த அம்மா அன்னிக்கு அதைத்தான் செஞ்சாங்க. இன்னொன்னும் இருக்கு. நம்ம மாதிரி கறுத்த தோல் உள்ளவங்களுக்கு வெள்ளை விழியில் பழுப்புத் திட்டுகள் இருக்கிறது சாதாரணம். வெயிலில் வேலை செய்றவங்களுக்குக் கருவிழி ஓரத்தில் மஞ்சளா ஒரு மேடு, சில பேருக்குச் சதை வளர்ச்சி. இதெல்லாம் கண்ணோட கதை. ஈரலோட கதை இல்லை.

ஆனா இப்படியே முடிச்சுட்டா நான் உங்களுக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகும். ஏன்னா கண் வெள்ளை நிஜமாவே ஒரு விஷயத்தைச் சொல்லும். அதுதான் மஞ்சள்.

நம்ம ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழும். பிறகு உடையும். அப்போ பிலிருபின் என்று ஒரு மஞ்சள் கழிவு வரும். ஈரல் அதைப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்பும். மலத்துக்கு நிறம் வர்றது அதனாலதான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் வரைக்கும் பிலிருபின் இருக்கிறது இயல்பு. அது 2.5, 3 மில்லிகிராமைத் தாண்டும்போது கண்ணில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். கண்ணின் மேல் சவ்வில் இருக்கிற எலாஸ்டின் என்ற நாருக்குப் பிலிருபினைப் பிடிச்சு வெச்சுக்கிற குணம் உண்டு. பின்னணியும் வெள்ளை. அதனால தோலுக்கு முன்னாடி கண் காட்டிக்கொடுக்கும். கேரட் நிறைய சாப்பிட்டா உள்ளங்கை மஞ்சளாகும், கண் ஆகாது. அந்த வித்தியாசத்தைக் கூட கண் சரியா சொல்லும்.

எங்க ஆயா பள்ளிக்கூடம் போகாதவங்க. ஆனா தெருவில் யாருக்குக் காமாலைன்னு டியூப் லைட்டை நம்பாம வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து இமையை இழுத்துப் பார்த்துச் சொல்வாங்க. டாக்டர்களும் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்கச் சொல்றாங்க.

இப்போ நான் சொல்றேன்னு சொன்ன விஷயம். 2009. நான் ஏழாவது படிக்கிறேன். எங்க சித்தப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரம். கமிட்டிக்கு மூட்டை வர்ற நாள்ல வீட்டுக்குச் சாப்பிடக்கூட வரமாட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை விழுப்புரம் வந்தவரை ஆயா வாசல்ல நிக்க வெச்சு இமையை இழுத்துப் பார்த்தாங்க. "காமாலைடா உனக்கு"ன்னாங்க. அது நூத்துக்கு நூறு சரி.

அடுத்து என்ன செய்யணும்ங்கிறதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரல. கீழாநெல்லியை வேரோட அரைச்சு மோரில் கலக்கி வெறும் வயித்தில். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை. ஒரு கிராமத்தில் காமாலைக்குப் பேர் போன ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போய் கையில் சூடும் போட்டாங்க. மஞ்சள் இறங்கல. பத்தியம் சரியா இல்லைன்னு சித்தியைத் திட்டினாங்க. ஆறு வாரம் போச்சு. கடைசியில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தாங்க. கணையத்தோட தலைப்பகுதியில் கட்டி. அது பித்தநாளத்தை வெளியே இருந்து நெருக்கி அடைச்சிருந்தது. அடுத்த பொங்கலுக்கு சித்தப்பா இல்லை.

ஆறு வாரம் முன்னாடி போயிருந்தா பிழைச்சிருப்பாரா? எனக்கு அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இல்லை. அந்த நோய் அப்படிப்பட்டது. ஆனா அந்த ஆறு வாரம் எங்க வீட்டில் எப்பவும் ஒரு காலி நாற்காலி மாதிரி இருக்கு.

ஏன் கீழாநெல்லி மேல அவ்வளவு நம்பிக்கை? ஆயா முட்டாள் இல்லை. அவங்க கண்ணால் பார்த்த டேட்டா அப்படி. நம்ம ஊர்ல காமாலை வர்றதுக்குப் பெரிய காரணம் கெட்ட தண்ணி வழியா வர்ற ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வைரஸ்கள். பெரும்பாலானவங்களுக்கு அது சில வாரத்தில் தானா சரியாகும். கர்ப்பிணிகளுக்கு ஈ வகை ஆபத்து, அது தனி. தானா சரியாகிற நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் அந்த மருந்துக்குப் பேர் கிடைக்கும். தெருவில் பத்துப் பேருக்குச் சரியாச்சு, ஆயா அதைப் பார்த்தாங்க. பதினொண்ணாவது ஆள் எங்க சித்தப்பா.

கீழாநெல்லியை நம்ம ஊர் விஞ்ஞானிகள் சும்மா விட்டுடல என்பதையும் சொல்லணும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1980-களில் அதை ஆராய்ஞ்சாங்க. ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடிச்சதுக்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கின பரூக் பிளம்பர்க்கும் அவங்களோட சேர்ந்தார். 1988-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமக்கிறவங்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைஞ்சுது. வெறும் பொடி வாங்கினவங்களில் 4 சதவீதம். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனா 1990-ல் தாய்லாந்தில் செஞ்ச சோதனையில் அந்தப் பலன் கிடைக்கல. பிறகு வந்த தொகுப்பாய்வுகளும் போதுமான ஆதாரம் இல்லைன்னுதான் சொல்லுது.

இதில் ஒரு நுணுக்கம் கவனிங்க. லான்செட் ஆய்வில் இருந்தவங்க வைரஸைச் சுமக்கிறவங்க. அப்படிப்பட்ட பெரும்பாலானவங்களுக்குக் கண் மஞ்சளாவே இருக்காது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். அதாவது கீழாநெல்லி பெரிய சோதனையைச் சந்திச்சது, கண் காட்டாத ஒரு நோய்க்கு. எங்க வீட்டில் கொடுத்தது, கண் காட்டின ஆனா கீழாநெல்லிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நோய்க்கு.

இந்தச் சிக்கலுக்கு நூறு வருஷ வரலாறு இருக்கு. 1918-ல் சென்னை மாகாண அரசு எம்.சி. கோமன் என்ற டாக்டரை நாட்டு மருந்துகளை ஆராயச் சொல்லி நியமிச்சது. அவர் அறிக்கை நாட்டு மருத்துவத்தை ரொம்பக் குறைவா மதிப்பிட்டதா வைத்தியர்கள் கொதிச்சாங்க. அதைத் தொடர்ந்து 1921-ல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு. 1923-ல் அது ஆயுர்வேதம், சித்தம், யுனானிக்கு ஆதரவா அறிக்கை கொடுத்தது. சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. 1964-ல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 2005-ல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். கோமன் காலத்தில் இருந்து பெரிய சண்டை எல்லாம் செடியைச் சுத்தித்தான் நடந்திருக்குன்னு எனக்குத் தோணுது. செடியை லேபுக்குக் கொண்டுபோறது சுலபம். பார்க்கிற முறையை லேபுக்குக் கொண்டுபோறது கஷ்டம். அதனால செடி பேர் வாங்கிச்சு. எப்படிப் பார்த்தாங்க என்பது பின்னாடி போயிடுச்சு.

அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். எண்வகைத் தேர்வைத் திரும்ப ஒரு முறை சொல்றேன். விழி மட்டும் இல்லை, மலமும் சிறுநீரும் அந்தப் பட்டியலில் இருக்கு. பித்தநாளம் அடைபட்டா என்ன ஆகும்? மஞ்சள் குடலுக்குப் போகாது. மலம் சுண்ணாம்பு மாதிரி, களிமண் மாதிரி வெளுக்கும். சிறுநீர் டீத்தண்ணி மாதிரி கறுக்கும். உடம்பெல்லாம் அரிக்கும். இன்னிக்கு எந்த மருத்துவ மாணவரும் காமாலைன்னதும் கேக்கிற முதல் கேள்விகள் இவை.

ரெண்டு வருஷம் முன்னாடி சித்திகிட்ட இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. பிறகு சொன்னாங்க: "ராத்திரி பூரா சொறிஞ்சிக்கினே இருப்பாருப்பா. வெளிய போறது வெள்ளையா போகுதுன்னும் ஒரு நாள் சொன்னாரு. பத்தியத்தாலன்னு நெனச்சேன்."

அவங்ககிட்ட பதில் இருந்தது. யாரும் கேக்கல. சூடு போட்டவர் கேக்கல, ஆயா கேக்கல, எங்கப்பா கேக்கல. எட்டு கேள்வி கேக்கச் சொன்ன ஒரு மரபு எங்க வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரே கேள்வியாச் சுருங்கியிருந்தது. கண் மஞ்சளா? ஆமா. முடிஞ்சுது. அந்த எட்டும் சேர்ந்தா கட்டியைக் கண்டுபிடிச்சிருக்கும்னு நான் சொல்லல. ஸ்கேன் வேலையை ஸ்கேன்தான் செய்யும். ஆனா குறைஞ்சபட்சம் "இது வழக்கமான காமாலை இல்லை"ன்னு யாராவது நிறுத்தியிருப்பாங்க.

எங்க பாஷையில் சொன்னா, மஞ்சள் கண் ஒரு எரர் மெசேஜ். அது உண்மையான மெசேஜ். ஆனா அதுக்குப் பின்னாடி மூணு இடத்தில் பிரச்சினை இருக்கலாம். ரத்தம் அளவுக்கு மேல உடையலாம், ஈரல் கெட்டிருக்கலாம், குழாய் அடைச்சிருக்கலாம். மெசேஜைப் படிச்சவுடனே காரணம் தெரிஞ்சுடுச்சுன்னு நினைக்கிறதுதான் தப்பு. திண்டிவனம் முகாம் செஞ்சது இன்னும் மோசம். இல்லாத எரர் மெசேஜைக் கட்டம் போட்டு உருவாக்கினாங்க.

இப்போ இந்தக் கதை என் தொழிலுக்கே வந்து சேர்ந்திருக்கு. 2017-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிலிஸ்கிரீன்னு ஒரு செயலி செஞ்சாங்க. மொபைல் கேமராவால் கண் வெள்ளையைப் படம் எடுத்து பிலிருபின் அளவை மதிப்பிடுறது. வெளிச்சம் ஏமாத்தக்கூடாதுன்னு கண்ணை மூடுற பெட்டி ஒன்னு, இல்லைன்னா நிறக்கட்டங்கள் ஒட்டின காகிதக் கண்ணாடி. 70 பேர்கிட்ட பார்த்த முதல் சோதனையில் கவலைப்பட வேண்டியவங்களை ஏறத்தாழ 90 சதவீதம் சரியா சொல்லுச்சு. அவங்க குறி வெச்ச நோய் எது தெரியுமா? கணையப் புற்றுநோய். நம்ம கண்ணுக்கு மஞ்சள் தெரியறதுக்கு முன்னாடியே பிடிக்கணும்ங்கிறதுதான் நோக்கம். ஆபீஸ் கேன்டீன்ல உட்கார்ந்து அதைப் படிச்சப்போ டீ ஆறிப்போச்சு.

அந்தச் செயலியும் அந்த முகாமும் பார்க்கிறதுக்கு ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ரெண்டுமே கேமரா, ரெண்டுமே கண் வெள்ளை, ரெண்டுமே திரையில் ஒரு முடிவு. வித்தியாசம், செயலி சொன்ன எண்ணை ரத்தப் பரிசோதனையோட எண்ணுக்குப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தாங்க. தப்பு எவ்வளவுன்னு வெளியே சொன்னாங்க. முகாமில் பக்கத்தில் வெச்சுப் பார்க்க எதுவும் இல்லை, பொடி பாக்கெட் மட்டும்தான் இருந்தது.

அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பொடி வாங்கல. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை செஞ்சோம். ஈரல் நல்லா இருக்கு. சர்க்கரை இருந்தது, அதை அந்தக் கண் வரைபடம் சொல்லல.

கடைசியா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானா, அதைக் கண்டுபிடிச்ச ஆயாவையோ அம்மாவையோ பரிகாசம் பண்ணாதீங்க. அவங்க பார்த்தது சரி. அதுக்கப்புறம் மிச்சக் கேள்விகளைக் கேளுங்க. சிறுநீர் என்ன நிறம், மலம் வெளுத்திருக்கா, அரிப்பு இருக்கா, எடை குறைஞ்சுதா, காய்ச்சல் இருக்கா. பதிலை எடுத்துக்கிட்டு அதே வாரம் டாக்டர்கிட்ட போங்க. ஆறு வாரம் காத்திருக்காதீங்க.

இந்த எபிசோடை சித்திக்குப் போட்டுக் காட்டிட்டுத்தான் வெளியிடுறேன். பேரை மட்டும் சொல்லாதேன்னாங்க. சொல்லல. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.